ஆனைக் கற்றாழை: தோட்டத்திலும் வேலியிலும் வளர்க்கும் விதம்

கற்றாழை என்ற பெயரால் வழங்கும் செடிகள் பலவாயினும், நமது ஜனங்கள் பெரும்பாலும் அறிந்தவை இரண்டே. ஒன்று சோற்றுக் கற்றாழை. திருஷ்டி பரிகாரமாக வாசற்படியின்மேல் தலைகீழாகக் கட்டப்படுவதும், மடலைக் கீறினால் வழவழப்பான சோறு காணப்படுவதும் அதுவே. மற்றொன்று ஆனைக் கற்றாழை. இருப்புப்பாதை ஓரங்களில் வேலியாக நடப்பட்டமையால் இதனை இரயில் கற்றாழை என்றும் சொல்வார்கள். இவ்வியாசம் பின்னதைப் பற்றியது.

பெயரில் ஒற்றுமை இருப்பினும் இவை இரண்டும் வெவ்வேறு தேசத்தவை, குணத்திலும் மாறுபட்டவை. சோற்றுக் கற்றாழை அரேபியாப் பக்கத்தைச் சேர்ந்தது. ஆனைக் கற்றாழையோ மெக்ஸிகோ தேசத்திலும் அதனை அடுத்துள்ள அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலும் இயற்கையாய் வளர்வது. முன்னதன் சோற்றைப் பக்குவமறிந்து உட்கொள்வர். பின்னதன் சாறு தோலில் பட்டாலே தடிப்பும் அரிப்பும் உண்டாகும். முன்னது பலமுறை பூத்தும் பிழைத்திருக்கும். பின்னது ஆயுளில் ஒரே தடவை பூத்து மடியும். ஒன்றை மற்றொன்றாக எண்ணி மருந்துக்கு எடுத்து அவதியுற்றவர்கள் உண்டாகையால், இவ்வித்தியாசத்தை முதலிலேயே சொல்லி வைத்தோம்.

இச்செடிக்கு 1753-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்துத் தாவர நூலாசிரியர் லின்னேயஸ் என்பவர் சாஸ்திரப் பெயர் இட்டார். அகேவ் அமெரிக்கானா என்பது அப்பெயர். முதற்சொல் கிரேக்க பாஷையில் மேன்மை பொருந்தியது என்று பொருள்படும். மெக்ஸிகோவின் பழங்குடிகளுக்கு இவ்வினத்துச் செடிகள் நமக்குப் பனையும் தென்னையும் எப்படியோ அப்படியே. மடலின் நுனிமுள்ளை அதனோடு ஒட்டிய நாருடன் சேர்த்து உரித்து, ஊசியும் நூலுமாக ஒருங்கே உபயோகித்தார்கள். பூந்தண்டு கிளம்புந் தருணத்தில் குருத்தைக் குடைந்தெடுத்து, அக்குழியில் ஊறும் இனிப்புச் சாற்றைச் சேகரித்துப் புளிக்கவைத்துப் பருகினார்கள். நம் நாட்டில் பாளை சீவுவோர் தொழிலை இது ஒருவாறு ஒத்திருக்கிறது. நாம் இதனைப் பெற்றது அழகிற்காகவும், வேலிக்காகவும், நாருக்காகவுமே.

செடியின் தோற்றத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். தண்டு என்று சொல்லத்தக்கது வெளியே தெரிவதில்லை. நீலம் கலந்த சாம்பல் பச்சை நிறமுள்ள தடித்த மடல்கள் அடியிலிருந்தே நாற்புறமும் சுழன்று விரியும். நன்றாய் வளர்ந்த செடியில் மடல் ஒன்று 4 அடி முதல் 6 அடி வரை நீளும். மொத்தச் செடி 8 அல்லது 10 அடி குறுக்களவு கொள்ளும். மடலின் இரு ஓரங்களிலும் கொக்கிபோல் வளைந்த பற்கள் உண்டு. நுனியில் ஓர் அங்குலத்திற்குக் குறையாத கரிய முள் இருக்கும். இன்னொரு விசேஷமும் கவனிக்கத்தக்கது. மடல்கள் குருத்தில் ஒன்றோடொன்று இறுக அழுந்தியிருந்து பிறகே பிரிகின்றனவாகையால், ஒரு மடலின் பற்கள் அடுத்த மடலின் முதுகில் அச்சுப் பதித்தாற்போல் தடம் விட்டிருக்கும். பள்ளிப்பிள்ளைகள் இம்மடல்களில் தங்கள் பெயர்களைக் கீறிவைப்பதும் யாவரும் கண்டதே. கீறிய எழுத்து மடல் உள்ளவரை மறையாது. பையன் பள்ளியை விட்டுச் சென்ற பின்னரும் அவன் பெயர் வேலியில் நிற்கும்.

ஆறு மாதம் மழையில்லாவிட்டாலும் இச்செடி வாடாதிருப்பதன் காரணம் பலருக்கு விளங்குவதில்லை. எல்லாச் செடிகளுக்கும் இலைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துவாரங்கள் உண்டு. வாழை முதலியவை அவற்றைப் பகலில் திறந்து வைத்து வேண்டிய காற்றை இழுத்துக்கொள்ளும். அப்பொழுதே உள்ளிருக்கும் ஈரமும் வெயிலில் ஆவியாய்ப் போய்விடும். கற்றாழையோ பகலில் வாயை மூடிக்கொண்டு, வெப்பம் தணிந்த இரவில் மட்டும் திறந்து காற்றை வாங்கி, அதனை ஒரு புளிப்புப் பொருளாக மாற்றிச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவாக்கிக் கொள்கிறது. மடலின்மேல் படிந்துள்ள மெழுகுபோன்ற மாவும் ஈரத்தைக் காக்கிறது. ஆகவே இதற்குத் தண்ணீர் விடுவதைக் காட்டிலும் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதே வளர்ப்பவனுடைய முக்கிய வேலை. கற்றாழை காய்ந்து செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அழுகிச் செத்ததை அநேகம் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்தில் நடுதல்

பள்ளிக்கூடம், சாவடி, சங்கக் கட்டடம், வீட்டு முற்றம் இவற்றின் முன்னே அழகிற்காக நடுவதாயின், முதலில் கையில் எடுக்கவேண்டியது மண்வெட்டியன்று, அளவுகோலே. கடையிலோ நண்பரிடமோ வாங்கிவரும் கன்று ஒரு சாண் உயரமே இருக்கும். அது பத்தாண்டில் ஒரு மாட்டுவண்டி நிற்குமளவு இடத்தை அடைத்துக் கொள்ளும் என்பதை எவரும் அப்பொழுது நினைப்பதில்லை. நடைபாதையின் இரு பக்கங்களிலும் 2 அடி தள்ளி வரிசையாய் நட்டு, சில ஆண்டுகள் கழித்து ஒவ்வொரு மடலாக வெட்டி வெட்டி, கடைசியில் மொட்டையடித்த செடிகளை வைத்துக்கொண்டிருக்கும் கட்டடங்களைச் சுற்றுப்பயணத்தில் காணாத மாதம் இல்லை. பாதை, படிக்கட்டு, குழாயடி, குழந்தைகள் விளையாடுமிடம் இவற்றிலிருந்து குறைந்தது 8 அடி விலக்கி நடவேண்டும். சுவரை ஒட்டியும் கூடாது. சுவர்ப்பக்கம் விரிய இடமில்லாமல் செடி ஒருக்களித்து வளர்ந்து அவலட்சணமாகும். சிறிய முற்றத்திற்கு ஒரு செடி போதும். தனியே ஒரு மேட்டின்மேல் நின்றால்தான் இதன் கம்பீரம் தெரியும். கூட்டமாய் நட்டால் புதராகிவிடும்.

மண்ணைப் பற்றிக் கவலை வேண்டுவதில்லை. செம்மண், சரளை, சுக்கான் கலந்த நிலம், பாறையிடுக்கு யாவும் இதற்கு ஏற்றவை. கரிசலும் களிமண்ணும் மட்டுமே ஆகாதவை. அவ்விதமான நிலத்தில் நடவேண்டியிருந்தால் ஒரு முழ உயரத்திற்குக் கல்லும் சரளையும் கொட்டி மேடாக்கி, அதன்மேல் மணல் கலந்த மண்ணைப் பரப்பி நடுக. எருவிட்டால் மடல்கள் கொழுத்து மென்மையாகி நிறமும் மங்கும்; சோம்பேறித் தோட்டக்காரனிடமே இச்செடி அழகாய் வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். முழு வெயில் அவசியம். மரநிழலில் நட்டால் மடல்கள் நீண்டு துவண்டு, நுனி தரையைத் தொடும்.

கன்று எடுக்கும் முறை எளியது. தாய்ச்செடியின் அடியிலிருந்து பூமிக்குள்ளேயே ஓடும் தண்டுகளின் நுனியில் பக்கக் கன்றுகள் முளைக்கும். ஓர் அடி உயரமுள்ள கன்றைத் தேர்ந்து, சுற்றிலும் மண்ணை நீக்கி, தாயோடு இணைந்துள்ள தண்டைக் கூரிய கத்தியால் ஒரே வெட்டில் பிரித்தெடுக்கவேண்டும். உடனே நட்டுவிடலாகாது. ஐந்தாறு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்து பொருக்குக் கட்டிய பிறகே நடுவது நலம். இந்த ஐந்து நாளைப் பொறுக்கமாட்டாமல் நட்டுத் தண்ணீரும் ஊற்றுகிறவர்களுக்கே கன்று அழுகும். வேர் ஒன்றுகூட இல்லையே என்று அஞ்சவேண்டாம். ஈரம் பட்டதும் புதுவேர் விடும். ஆடி, ஆவணி மாதங்களில் முதல் மழை பெய்தபின் நட்டால், அடைமழை வருமுன் கன்று வேரூன்றிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நடுவது சரியன்று. அடிப்பாகம் முன்பு எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அவ்வளவே மூடவேண்டும். குருத்திற்குள் மண் விழலாகாது. நட்ட முதல் வருஷத்தில் கோடையில் மட்டும் மாதம் இருமுறை தண்ணீர் விட்டால் போதுமானது. அதன்பின் அதுவும் வேண்டாம்.

மடலின் ஓரங்களில் மஞ்சள் கரை போட்ட ஜாதியும், நடுவில் வெண்மஞ்சள் பட்டையோடிய ஜாதியும் உண்டு. இவை பச்சைச் செடியைவிடச் சற்று மெதுவாய் வளர்வதனால் தொட்டிகளுக்கு ஏற்றவை. தொட்டியின் அடியில் துவாரம் இருக்கிறதா என்று பார்த்து, உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பரப்பி, மண்ணில் மூன்றிலொரு பங்கு மணல் கலந்து நடுக. கரைபோட்ட தாய்ச்செடியின் அடியில் எப்பொழுதாவது முழுப்பச்சைக் கன்று முளைத்தால் அதனை அப்போதே களைந்துவிடவேண்டும். விட்டால் வீரியம் மிகுந்த பச்சைக் கன்று தொட்டி முழுவதையும் கைப்பற்றிவிடும்.

முள்ளும் சாறும்

கருணைக்கிழங்கை நறுக்கிய கை ஏன் அரிக்கிறதென்று பெண்மக்களுக்குத் தெரியும். கால்சியம் ஆக்ஸலேட் என்ற பொருள், கண்ணுக்குப் புலப்படாத ஊசிகளாய் அக்கிழங்கினுள் இருக்கின்றது. ஆனைக் கற்றாழையின் சாற்றிலும் அதே ஊசிகள் உண்டு. எனது வீட்டுக் கொல்லையில் கீழ்மடல்கள் சிலவற்றை ஒருநாள் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ரம்பத்தால் அறுத்தேன். மடலை அறுக்க அறுக்கச் சாறு துளித்துளியாய்க் கைகளிலும் மார்பிலும் தெறித்தது. அரைமணிக்குள் எரிச்சல் ஆரம்பித்தது. இரவில் உடம்பெங்கும் சிவந்து தடித்தது. மறைய ஒரு வாரம் ஆயிற்று. அன்றுமுதல் முழுக்கைச் சட்டையும், கைக்குச் சாக்குத்துணியும் இல்லாமல் இச்செடியின்மேல் கத்தி வைப்பதில்லை. ரம்பத்தைக் காட்டிலும் கூரிய வெட்டுக்கத்தியே மேலானது. சாறு குறைவாய்த் தெறிக்கும். சாறு பட்டால் தேய்க்காமலும் சொறியாமலும் சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவவேண்டும். கண்ணில் பட்டாலோ, நெடுநேரம் தண்ணீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். தாய்ப்பால் விடுதல், எண்ணெய் விடுதல் முதலிய கைவைத்தியங்கள் கூடா.

நுனிமுள் குத்தி முறிந்து சதைக்குள் நின்றுவிட்டால், சிறு காயமென்று அலட்சியம் செய்யலாகாது. விரல் மூட்டு, முழங்கால் இவற்றின் அருகே நின்ற துண்டு மூட்டை வீங்கவைத்து மாதக்கணக்கில் தொல்லை கொடுக்கும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் செடி இருந்தாக வேண்டுமென்றால் காய்ந்த கரிய முள்ளை மட்டும் கத்தரித்து விடுக. பச்சைச் சதையைச் சேர்த்து வெட்டினால் மடலின் நுனி காய்ந்து விகாரப்படும். ஒரு குழந்தையின் கண், முள் நிற்கும் உயரத்திலேயே இருக்கிறதென்பதைத் தாய்தந்தையர் மறக்கக்கூடாது. ஆகவே பாலர் பள்ளிகளின் முற்றத்தில் இச்செடி வேண்டவே வேண்டாமென்பது என் அபிப்பிராயம். அழகிற்கு அங்கே அரளியும் வேண்டாம், செம்பருத்தி போதும்.

பூக்கும் காலம்

ஆங்கிலேயர்கள் இதனை நூற்றாண்டுச் செடி என்று அழைத்தனர். நூறு வருஷத்திற்கு ஒருமுறையே பூக்குமென்ற நம்பிக்கையால் வந்த பெயர் அது. உண்மையில் 10 முதல் 30 வருஷத்திற்குள் பூத்துவிடும். நம்மைப்போன்ற உஷ்ணப் பிரதேசங்களில் சீக்கிரமாகவே பூக்கும். பருவம் வந்ததும் நடுக்குருத்து வழக்கத்தைவிடச் சிறுத்துக் கூம்பும். பிறகு பெரிய தண்ணீர்விட்டான் கிழங்கின் முளை போன்றதொரு தண்டு கிளம்பி, நாளொன்றுக்குச் சில அங்குலமாக உயர்ந்து, 20 அடிக்கு மேலும் போகும். அதன் உச்சியில் விளக்குத்தண்டின் கிளைகளைப்போல் பக்கங்களில் கைகள் நீட்டி, மஞ்சள்நிறப் பூங்கொத்துகள் வானை நோக்கி நிற்கும். காண்பதற்கு மிகவும் மனோகரமான காட்சி. ஆனால் அத்தனை வருஷம் மடல்களில் சேர்த்து வைத்த உணவு முழுவதும் அந்தத் தண்டுக்கே செலவாகிறது. பூ முடிந்ததும் மடல்கள் சுருங்கி, மஞ்சளித்து, தாய்ச்செடி மடிந்துபோகும். தண்டை வெட்டி எறிந்தால் செடி பிழைக்குமென்று சிலர் நம்புகிறார்கள். மரணம் சற்றுத் தாமதிக்கலாம், தப்பாது. எனவே தண்டை வெட்டாமல் பூவைக் கண்ணாரக் கண்டு மகிழ்வதே தகும். காய்ந்த தண்டு கனமில்லாதது. அவரைப் பந்தலுக்குக் கொம்பாக உதவும். ஆனால் அது நிற்குமிடம் பாதையின் ஓரமானால், காற்றில் விழுமுன் இறக்கிவிடுதல் நலம்.

தாய் மடிந்தாலும் குலம் அழிவதில்லை. அதற்குள் சுற்றிலும் கன்றுகள் பெருகியிருக்கும். வீட்டுத் தோட்டத்தில் இது சௌகரியமே. ஒரு நல்ல கன்றை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடலாம். வேலியில் மட்டும் இக்குணம் வேறுவிதமான பலனைத் தருகிறது. அதனைச் சற்று விரிவாகவே கூறவேண்டும்.

வேலியாக நடுதல்

ஒரு மேட்டுநிலக் கிராமத்தில், சங்கத்தில் தவணை தவறிய கடன்களைப் பரிசீலிக்கும்போது ஒரு விவசாயியின் கணக்கு என் கவனத்திற்கு வந்தது. ஒழுங்காய்ச் செலுத்தி வந்தவர். கிணற்றை ஆழப்படுத்த வாங்கிய கடனில் மட்டும் ஒரு தவணையும் கட்டவில்லை. கிணற்றைப் போய்ப் பார்த்தேன். ஒரு முழங்கூட ஆழப்படவில்லை. “பணம் என்ன ஆயிற்று, பெரியவரே?” என்று கேட்டதற்கு, அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, “கத்தாழை தின்னுட்டுதுங்க” என்றார். வேடிக்கையாய்ச் சொல்லுகிறார் என்று முதலில் எண்ணினேன்.

விஷயம் இதுதான். அவர் தகப்பனாரும் சிற்றப்பனாரும் பாகம் பிரித்துக்கொண்ட காலத்தில், இரு நிலங்களுக்கும் இடையேயுள்ள எல்லைக்கோட்டின் மேலேயே ஆனைக் கற்றாழைக் கன்றுகளை நட்டு, செடிதான் எல்லை என்று வாய்ப்பேச்சில் முடிவு செய்துகொண்டார்கள். கன்றுகள் ஒரே தாயின் வழியில் வந்தவை. ஒரே நாளில் நடப்பட்டவை. ஆகவே பதினைந்து ஆண்டுகள் சென்றபின், முன்பின்னாக மூன்று நான்கு வருஷங்களுக்குள் எல்லாம் பூத்து மடிந்தன. அடிக்கட்டைகள் மக்கிப்போயின. ஆனால் அவற்றின் கன்றுகளோ இருபுறத்திலும் நாலைந்து அடிவரை பரவி அடர்ந்திருந்தன. எல்லை என்று காட்ட இருந்த செடி இல்லை. எல்லை அல்லாத செடிகள் நூற்றுக்கணக்கில் நின்றன. ஒரு பக்கத்துப் பங்காளி தம் பக்கத்துக் கன்றுகளைப் பிடுங்கி, எஞ்சிய செடிவரை உழுதார். மற்றவர், தம் நிலத்தில் ஏர் ஓட்டிவிட்டதாக வழக்கிட்டார். சர்வே கல் எங்கேயென்று தேடினால், அது நெருங்கிய புதரின் நடுவே எங்கோ மறைந்து கிடந்தது. வக்கீல் பீஸும், பிரயாணச் செலவும், சாட்சிகளுக்குச் சாப்பாடுமாகக் கிணற்றுக் கடன் கரைந்தது.

கடைசியில் சர்வேயர் வந்து, ஆட்களை விட்டுப் புதரை வெட்டிக் கல்லைக் கண்டுபிடித்து அளந்தார். இரு தரப்பாரும் சொன்ன கோடு இரண்டும் தவறு. உண்மையான கோடு இடையில் ஓடியது. வழக்கிலிருந்த துண்டு 200 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்டது. அதாவது 800 சதுர அடி. 2 சென்டுக்கும் குறைவு. பங்காளிகள் அதன்பின் ஒருவர் வீட்டு விசேஷத்திற்கு ஒருவர் போவதில்லை. கடனைத் தவணை மாற்றி எழுத ஏற்பாடு செய்யப்பட்டது. கிணறு அன்று நான் பார்த்தபடியே இருக்கிறது.

ஆகையால் கற்றாழை வேலி போட விரும்புவோர் எல்லைக்கோட்டின்மேல் ஒருநாளும் நடலாகாது. முழுச்செடியின் பாதியளவாகிய 5 அல்லது 6 அடியைத் தம் நிலத்திற்குள் விட்டே நடவேண்டும். சர்வே கற்களைச் சுற்றி 10 அடிக்குச் செடியே வேண்டாம். அவ்விடத்தை முள் அடைப்பாலோ கல்கட்டாலோ நிரப்பிக்கொள்ளலாம். வருஷத்திற்கு ஒருமுறை, மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, வரிசையைவிட்டு ஓடிய கன்றுகளைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையை மூன்று வருஷம் தவறவிட்டால் பின்னர் பத்து ஆட்கள் வந்தாலும் முடியாது.

இனி இடத்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஏக்கர் சதுரமான நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 209 அடி. நான்கு பக்கமும் 6 அடி உள்ளே தள்ளி நட்டால், செடி உட்புறமும் 6 அடி பரவும். சுற்றிலும் 12 அடி அகலத்திற்கு ஒரு பட்டை சாகுபடிக்கு இல்லாமல் போகும். அப்பட்டையின் பரப்பு ஏறக்குறைய 9,450 சதுர அடி. அதாவது 21 சென்டுக்கு மேல். ஆடு மாட்டுக்குப் பயந்து, நிலத்தில் ஐந்திலொரு பங்கை வேலிக்கே கொடுத்துவிடுவதாகும். நான்கு ஏக்கர் சதுரத்திற்கு இதே கணக்கில் 45 சென்டு போகும். அது ஒன்பதில் ஒரு பங்குதான். எனவே சிறு குடியானவர் நாற்புறமும் இதனை நடுவது நஷ்டமே. மந்தை போகும் பாதையை ஒட்டிய ஒரு பக்கத்தில் மட்டும் நட்டுக்கொள்ளலாம். மற்றப் பக்கங்களுக்குக் கொங்குநாட்டார் வழக்கப்படி கிளுவைப் போத்துகளை நெருக்கமாய் ஊன்றலாம். அது அகலத்தில் பரவாது, அதன் தழையும் ஆட்டுக்கு ஆகும். பரந்த மானாவாரி நிலம், மேய்ச்சற்காடு, மண் அரித்தோடும் சரிவு, பாறைமேடு இவற்றிற்கே கற்றாழை வேலி தகுதியானது. அங்கு 3 அடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே மறுவரிசையின் செடி நிற்கும்படி நட்டால், நாலைந்து ஆண்டில் ஆடு நுழையாது. இரண்டாவது வரிசையை முதல் வரிசைக்கு ஐந்தாறு வருஷம் கழித்து நடுவது இன்னும் உத்தமம். இரண்டும் ஒரே காலத்தில் பூத்து வேலி முழுவதும் ஒருங்கே விழுந்துபோகும் ஆபத்து இராது.

முள்வேலி என்றால் எதையும் எங்கும் நடலாமென்ற எண்ணத்தால் நமது நாடு முன்பே துன்பப்பட்டிருக்கிறது. சப்பாத்திக் கள்ளி தரிசெல்லாம் பரவியதும், 1926-இல் இலங்கையிலிருந்து ஒருவகைக் கோச்சினில் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது அடங்கியதும் பெரியவர்களின் பேச்சில் அடிபடும் சங்கதி. வேலிக்காத்தான் என்று அருமையாய்ப் பெயரிட்டு வளர்த்த சீமைக் கருவேல் இன்று கண்மாய்களை என்ன செய்திருக்கிறதென்று சொல்லவேண்டுவதில்லை. ஆனைக் கற்றாழை அவ்வளவு கொடியதன்று. மெல்ல நகர்வது, பிடுங்கினால் அடங்குவது. ஆயினும் நகர்வதென்னவோ நகரவே செய்யும்.

நார்

வேலிச் செடியிலிருந்து நார் எடுத்துக் கயிறு திரிக்கலாமா என்று சங்கக் கூட்டங்களில் கேட்பவர் உண்டு. எடுக்கலாம், கட்டிலுக்குப் பின்னுவதற்கும், உறிக்கும், பிரிமணைக்கும் வீட்டளவில் ஆகும். வியாபாரத்திற்கு உகந்தது இதன் இனமாகிய ஸைஸல் கற்றாழையே. அதன் மடல் ஓரத்தில் பெரும்பாலும் பற்கள் இல்லை, நுனியில் மட்டும் முள் உண்டு, நாரும் நீளமானது. பூந்தண்டிலேயே ஏராளமான குட்டிக் கன்றுகள் முளைத்து உதிர்வதும் அதன் இயல்பு. 1893-இல் ஹிண்டார்ப் என்ற ஜெர்மானியர், அமெரிக்காவிலிருந்து 1,000 குட்டிக் கன்றுகளைக் கிழக்கு ஆப்பிரிக்காவிற்கு வரவழைத்தார். கப்பலில் வாடியவை போக உயிரோடு சேர்ந்தவை 62. இன்று டான்ஸானியா என்று வழங்கும் அந்நாட்டின் பெரிய நார்த்தொழில் அந்த 62 கன்றுகளிலிருந்து கிளைத்தது.

ஆனால் 100 கிலோ பச்சை மடலில் கிடைக்கும் நார் 4 கிலோ அளவே, மீதியெல்லாம் சக்கை. இயந்திரமும் மடல் ஏற்றிவரும் வண்டிச் செலவும் சேர்த்துக் கணக்குப் பார்க்காமல் சங்கம் இத்தொழிலில் இறங்கக்கூடாது. வீட்டளவில் எடுப்போர் மடலை நசுக்கிக் குளத்திலோ ஏரியிலோ ஊறப்போடும் வழக்கத்தைக் கைவிடவேண்டும். இச்சாற்றுக்கு மீன்களைக் கொல்லும் சக்தி உண்டு. தண்ணீரும் நாற்றமெடுத்து மாடு குடிக்கத் தகாததாகும். பச்சை மடலைப் பலகையின்மேல் வைத்து மழுங்கிய கத்தியால் சுரண்டி, நாரைத் தொட்டித் தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தினால் ஊறப்போட்ட நாரைவிட வெண்மையாகவே இருக்கும். அலசிய தண்ணீரை வாய்க்காலில் விடாமல் தரிசில் ஊற்றவேண்டும். சக்கையை எருக்குழியில் மற்றக் குப்பையோடு கலந்து மக்கவிடலாம்.

பழைய புதரை அடியோடு அழிக்க விரும்புவோர் கோடையில் தொடங்குக. முதலில் வெளிமடல்களின் நுனிமுட்களைக் கத்தரித்துவிட்டு, பிறகு மடல்களை அடியிலிருந்து மேலாக ஒவ்வொன்றாய் வெட்டி, கட்டையைக் கடப்பாரையால் புரட்டி எடுக்கவேண்டும். எலியும் பாம்பும் அங்கே ஒதுங்கியிருக்குமாகையால், வெட்டுமுன் நீண்ட கழியால் தட்டிப் பார்த்துக்கொள்க. புரட்டிய கட்டைகளை மண்ணின்மேல் போட்டுவைத்தால் மழை கண்டதும் மறுபடி வேர் விடும். வேர்ப்பக்கம் மேலாகத் திருப்பிப் பாறையின்மேல் கோடை முழுவதும் காயவிட வேண்டும். அவ்விடத்தில் அடுத்த மழையிலும் அதற்கடுத்த மழையிலும் பூமிக்குள் தங்கிய தண்டுத் துண்டுகளிலிருந்து கன்றுகள் தலைகாட்டும். ஒரு சாண் வளருமுன் பிடுங்கினால் கையோடு வரும்.